மலாயா வானைக் கடந்த இத்தாலியப் படகு



கடந்த இரு மாதங்களாக இவ்வலைப்பூவில் புதிய இடுகை எதனையும் இட இயலவில்லை. பள்ளிப் பணிகளே காரணம். இன்று எழுத நேர்ந்ததும் பள்ளியில் நிகழ்ந்த ஒன்றனால்தான். அது நான் செய்த பிழை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களைப் பயன்படுத்திய பொருள்களைக் கொண்டு ஒரு போக்குவரத்துச் சாதனம் செய்து வரச் சொல்லியிருந்தேன். பெரும்பாலோர் பேருந்தும் மகிழுந்தும் செய்து வந்தனர். ஒரு மாணவன் மட்டும் இரண்டு பற்பசைப் பெட்டிகளை அருகருகே வைத்து, அவற்றின் மேல் அகன்ற அட்டையொன்றை ஒட்டி, அட்டையின் நடுவே இரண்டு பால் டின்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி நிறுத்தி எடுத்து வந்தான். முன்டின்னில் ஒரு விசிறி, பின்டின்னில் ஒரு விசிறி. "என்ன இது?" என்று கேட்டேன். "ஏரோப்பிளேன் டீச்சர்" என்றான். "இரண்டு படகை ஒட்டி வைத்தால் ஏரோப்பிளேன் ஆகிவிடுமா? இது எப்படிப் பறக்கும்?" என்று கேட்டு, குறைந்த மதிப்பெண்ணை இட்டு அனுப்பிவிட்டேன். "பறந்துச்சு டீச்சர், படம் பார்த்தேன்" என்று அவன் முணுமுணுத்தது காதில் விழுந்தது. ஆனால் மனத்தில் விழவில்லை.

அன்றிரவு அவன் தாயார் எனக்கு ஒரு படத்தை அனுப்பியிருந்தார். பழைய கறுப்பு வெள்ளைப் படம். நீரின்மேல் இரட்டைப் படகு. அதன்மேல் தடித்த சிறகு. சிறகின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பொறிகள். அச்சு அசலாக என் மாணவன் செய்த உருவம். "மகன் இதைப் பார்த்துத்தான் செய்தான் டீச்சர்" என்ற ஒரு வரியைத் தவிர அவர் வேறொன்றும் எழுதவில்லை. அந்த ஒரு வரி என்னை உறங்கவிடவில்லை என்பதே உண்மை.

அப்படத்திலிருந்த வானூர்தியின் பெயர் சவோயா-மார்க்கெட்டி எஸ்.55. அலெசாந்திரோ மார்க்கெட்டி என்னும் இத்தாலியப் பொறியாளர் வடிவமைத்தது. 1924ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்தது. முதலாம் உலகப்போர் முடிந்து ஆறாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. டார்பிடோ எனப்படும் நீரடிக் கணையைச் சுமந்து சென்று பகைவரின் கப்பலைத் தாக்க வேண்டும் என்பதே இத்தாலியப் படை விரும்பியது. ஒரே படகுடலைக் கொண்ட வானூர்தியில் அந்த நீண்ட கணையை எங்கே தொங்கவிடுவது? மார்க்கெட்டி படகை இரண்டாகப் பிரித்தார். நடுவில் கிடைத்த இடைவெளியில் கணையைத் தொங்கவிடலாம். வானோடிகள் படகுக்குள் அமரவில்லை. இரு படகுகளையும் இணைக்கும் தடித்த சிறகின் நடுப்பகுதியில் அமர்ந்தனர். பொறிகள் கடல்நீர் தெறிக்காத உயரத்தில், சிறகுக்கு மேலே, ஒன்று முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் நின்றன. ஒரு விசிறி இழுக்கும்; மற்றது தள்ளும். சிறகின் நீளம் இருபத்து நான்கு மீட்டருக்கும் மேல். நம் வகுப்பறை மூன்றை வரிசையாக வைத்தால் ஏறத்தாழ அந்த அளவு வரும்.

இங்கேதான் நான் வெட்கப்பட வேண்டிய இடம் வருகிறது. நான் என் மாணவனிடம் சொன்னதையே இத்தாலியப் படை அதிகாரிகளும் மார்க்கெட்டியிடம் சொன்னார்கள். முதல் மாதிரியின் பொறிகளுக்கு வலு போதவில்லை. வடிவமோ எவரும் கண்டிராதது. வேண்டாமென்று ஒதுக்கிவிட்டனர். படை ஒதுக்கிய சோதனை வானூர்தியைப் பயணிகளுக்குரியதாக மாற்றி அமைத்தார் மார்க்கெட்டி. பின்னர் வலுமிக்க பொறிகளைப் பொருத்தி 1926இல் பறக்கவிட்டபோது, சுமையோடு பறக்கும் வேகம், உயரம், தொலைவு ஆகியவற்றில் பதினான்கு உலகச் சாதனைகளை அது நிகழ்த்தியது. அதன் பிறகு அதே படை அதே வானூர்தியைக் கேட்டு வாங்கியது. மொத்தத்தில் இருநூற்றுக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. ருமேனியாவும் சோவியத் ஒன்றியமும்கூட வாங்கின.

இவ்வளவும் இத்தாலியின் கதை. இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று பெற்றோர் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் எஸ்.55ஐ உலகறியச் செய்த வானோடியின் பெயரைத் தேடிச் சென்றபோது, அவர் அதற்கு முன்னரே நம் மலாயாவின் நீரில் இறங்கிச் சென்றவர் என்று அறிந்தேன்.

பிரான்செஸ்கோ டெ பினேடோ 1890ஆம் ஆண்டு நேப்பிள்ஸ் நகரில் பிறந்தவர். கடற்படையில் அதிகாரியாகத் தொடங்கிப் பின்னர் வான்படைக்கு மாறியவர். அவரிடம் ஓர் எளிய கருத்து இருந்தது. அக்காலத்தில் உலகில் வானூர்தி நிலையங்கள் மிகக் குறைவு. ஆனால் கடலும் ஆறும் ஏரியும் எங்கும் இருக்கின்றன. ஆகவே நீரில் இறங்கும் வானூர்திக்கு உலகமே நிலையம். இதை மெய்ப்பிக்க, 1925 ஏப்ரல் மாதத்தில், இத்தாலியின் வடக்கே மஜோரே ஏரிக்கரையிலுள்ள செஸ்தோ கலெந்தே என்னுமிடத்திலிருந்து புறப்பட்டார். உடன் சென்றவர் ஒருவரே. எர்னெஸ்தோ கம்பனெல்லி என்னும் பொறிவினைஞர். அவர்கள் ஏறிச் சென்றது எஸ்.16 வகையைச் சேர்ந்த சிறிய பறக்கும் படகு. மரத்தாலான உடல், ஒரே ஒரு பொறி. நேப்பிள்ஸ் நகரின் காவல் புனிதரான சான் ஜென்னாரோவின் பெயரைச் செல்லமாக மாற்றி அதற்கு ஜென்னாரியெல்லோ என்று பெயரிட்டிருந்தார் டெ பினேடோ. நம்மவர் லாரிக்கு முன்னால் 'முருகன் துணை' என்று எழுதுவதைப் போன்றது இது.

அவர்கள் சென்ற வழியைத் தேசப்படத்தில் மாணவர்களோடு சேர்ந்து விரலால் தொட்டுப் பார்த்தேன். பாரசீக வளைகுடா, கராச்சி, பம்பாய். பம்பாயிலிருந்து இந்தியாவைச் சுற்றிக்கொண்டு வராமல் தக்காணத்தின் குறுக்கே நேராகப் பறந்து கிழக்குக் கரையிலுள்ள காக்கிநாடாவில் இறங்கினர். இத்துணிவை எண்ணிப் பாருங்கள். சக்கரமில்லாத படகு, கீழே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தரை, பொறி ஒன்றுதான். அங்கிருந்து கல்கத்தா, அக்யாப், ரங்கூன். பின்னர் பர்மாவின் தெற்குக் கரையோரமாகப் புக்கெட், பினாங்கு, சிங்கப்பூர். அது 1925ஆம் ஆண்டு மே மாதம். அதன்பின் ஜாவா, தீமோர் வழியாக ஆஸ்திரேலியாவை அடைந்து ஜூன் மாதம் மெல்பர்ன் சென்றனர். செப்டம்பர் இறுதியில் தோக்கியோ. நவம்பர் 7ஆம் நாள் ரோம் நகரின் நடுவே ஓடும் டைபர் ஆற்றில் வந்திறங்கினர். மொத்தம் 55,000 கிலோமீட்டர். வானில் இருந்தது ஏறக்குறைய 370 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 150 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இக்கணக்கை ஐந்தாம் ஆண்டுக் கணிதப் பாடத்தில் ஒரு பயிற்சியாகவே கொடுத்தேன். "டீச்சர், நம்ம ஹைவேயில காரே அந்த வேகத்துல போகுதே" என்றான் ஒருவன். அப்படிப் போவது குற்றம் என்று சொல்லி வைத்தேன்.

மலாயா அதற்கு முன்பே வானூர்தியைக் கண்டிருந்தது. 1911 மார்ச் மாதத்திலேயே ஜோசப் கிறிஸ்தியான்ஸ் என்னும் பெல்ஜிய நாட்டவர் சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயத் திடலில் பறந்து காட்டினார். 1919 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா நோக்கிச் சென்ற ராஸ் ஸ்மித் குழுவினரும் அதே திடலில்தான் இறங்கினர். குதிரைப் பந்தயத் திடலை நம்பி இறங்க வேண்டியிருந்த காலத்தில், டெ பினேடோவுக்கு அத்தேவை இருக்கவில்லை. பினாங்குத் துறைமுகத்து நீரே போதுமாயிருந்தது.

பினாங்குத் துறைமுகம் என்றதும் எனக்கு வேறொருவர் நினைவு வந்தது.

என் தந்தைவழிப் பாட்டனார் அடுத்த ஆண்டு, 1926இல், பதினேழு வயதில், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார். 1922 முதல் நடப்பிலிருந்த ஸ்டீவன்சன் திட்டத்தால் ரப்பர் உற்பத்தி கட்டுப்படுத்தப்பட்டு, 1925இல் விலை உச்சத்தைத் தொட்டிருந்த நேரம். தோட்டங்கள் ஆள் கேட்டன. கங்காணிமார் ஊர் ஊராகச் சென்றனர். 1925, 1926ஆம் ஆண்டுகளில் தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்தோர் தொகை பெருகியதற்கு இதுவே காரணம். கப்பலின் மேல்தளத்தில், கூட்டத்தோடு கூட்டமாக, ஒரு வாரப் பயணம். இறங்கியதும் நேராகப் பினாங்கு நகரைக் காணவில்லை. ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காக அடைத்து வைக்கப்பட்டனர். கடலையும் கொசுவையும் தவிர அங்கே வேறொன்றையும் பார்க்கவில்லை என்று பாட்டனார் கூறியதாகத் தந்தையார் சொல்வார். பின்னர் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டினார்.

ஓர் ஆண்டு இடைவெளியில் அதே நீரில் வந்திறங்கிய இரு வகை மனிதர்களை ஒன்றாக நிறுத்திப் பார்க்கையில் எனக்குச் சிறிது கசப்பும் எழுகிறது என்பதை மறைக்கவில்லை. ஒருவர் இறங்கிய மாதமும் ஏறிச் சென்ற படகின் பெயரும் உலக நூல்களில் உள்ளன. மற்றவர் ஏறிய கப்பலின் பெயர் எங்கள் வீட்டிலேயே எவருக்கும் தெரியாது. 'ரஜூலா' என்று சித்தப்பா அடித்துச் சொல்வார். அக்கப்பல் கட்டப்பட்டதே 1926ஆம் ஆண்டில்தான். ஆகவே முற்றிலும் நம்ப முடியவில்லை. நம்மில் பலருக்கு எல்லாக் கப்பலும் ரஜூலாதான்.

டெ பினேடோவின் பயணம் வெறும் வீர விளையாட்டு அன்று. 1922 முதல் இத்தாலியை முசோலினி ஆண்டுவந்தார். வான்படை என்பது அவருக்குப் போர்க்கருவி மட்டுமன்று, விளம்பரப் பலகையும் ஆகும். 1927இல் டெ பினேடோவை எஸ்.55 வானூர்தியில் அமெரிக்கக் கண்டங்களுக்கு அனுப்பியதன் நோக்கங்களுள் ஒன்று, பிழைப்புத் தேடி அங்கே குடியேறிய இத்தாலியரிடம் தாய்நாட்டின் பெருமையைக் காட்டுவது. அவர்களும் நம் முன்னோரைப் போலக் கப்பலின் அடித்தட்டில் சென்ற ஏழைகளே. தாய்நாடு அவர்களைத் தேடி வானூர்தி அனுப்பியது. அனுப்பியதோ அவர்களைத் தன் கட்சிக்கு இழுக்க. நம்மைத் தேடி அக்காலத்தில் வந்தவர் கப்பலில்தான் வந்தனர். 1929 டிசம்பரில் பினாங்கில் இறங்கிய பெரியார் ஈ.வெ.ரா. உட்பட. எது நல்லது என்று என்னைக் கேட்டால், முசோலினியின் வானூர்தி வராமல் இருந்ததே நல்லது என்பேன்.

அந்த 1927ஆம் ஆண்டுப் பயணத்தில் நிகழ்ந்த ஒன்று வகுப்பில் மிகவும் எடுபட்டது. டெ பினேடோ, கார்லோ டெல் பிரெத்தே, விதாலே சக்கெத்தி ஆகிய மூவரும் 'சாந்தா மரியா' என்று பெயரிட்ட எஸ்.55இல் ஆப்பிரிக்கக் கரையோரமாகச் சென்று, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, பிரேசிலின் காடுகளுக்கு மேலே பறந்து அமெரிக்கா சேர்ந்தனர். ஏப்ரல் 6ஆம் நாள் அரிசோனா மாநிலத்து ரூஸ்வெல்ட் ஏரியில் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தபோது, ஓர் இளைஞன் எறிந்த தீக்குச்சி, நீரின்மேல் பரவியிருந்த பெட்ரோலில் விழுந்தது. மரத்தாலான சாந்தா மரியா எரிந்து மூழ்கியது. பகைவரின் சதி என்று இத்தாலிய நாளேடுகள் கொதித்தெழுந்தன. சதியொன்றுமில்லை, கவனக்குறைவுதான். இத்தாலி இன்னொரு எஸ்.55ஐக் கப்பலில் நியூயார்க்குக்கு அனுப்பியது. அதிலேறிப் பயணத்தைத் தொடர்ந்து ஜூன் மாதம் நாடு திரும்பினர்.

1933 ஜூலையில் வான்படை அமைச்சர் இத்தாலோ பால்போ இருபத்து நான்கு எஸ்.55களைக் கூட்டமாக அழைத்துச் சென்று சிகாகோ உலகக் கண்காட்சியில் இறக்கினார். பால்போவோடு கொண்ட பிணக்கால் அதற்குள் ஒதுக்கப்பட்டிருந்த டெ பினேடோ, அதே ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், தனியொருவராக நியூயார்க்கிலிருந்து பாக்தாத் வரை நிற்காமல் பறக்க முயன்று, எரிபொருள் சுமை மிகுந்த வானூர்தி தரையிலிருந்து எழும் முன்னரே தடம் மாறி மோதித் தீப்பற்றியதில் மாண்டார். பால்போவுக்கும் நல்ல முடிவு வாய்க்கவில்லை. 1940இல் லிபியாவின் தொப்ருக் நகருக்கு மேலே பறக்கையில் சொந்தப் படையினரே பகைவர் என்று கருதிச் சுட்டு வீழ்த்தினர். எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறு. 1935, 1936ஆம் ஆண்டுகளில் எத்தியோப்பிய மக்கள்மீது நச்சுவாயுக் குண்டுகளை வீசியதும் இதே வான்படையே. பிள்ளைகளிடம் வானூர்தியின் அழகை மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிடலாமா? ஐந்தாம் ஆண்டுக்கு எவ்வளவு சொல்லலாம் என்று தயங்கினேன். சொன்னேன். வகுப்பு சிறிது நேரம் அமைதியாக இருந்தது.

இனி, மலாயாவுக்கு வருவோம். டெ பினேடோ காட்டிய வழியில் ஆங்கிலேயரும் ஒரு சோதனையை நடத்தினர். 1927 அக்டோபரில் நான்கு சவுத்தாம்டன் பறக்கும் படகுகள் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, இந்தியக் கரையோரமாக வந்து 1928 பிப்ரவரி இறுதியில் சிங்கப்பூரை அடைந்தன. தலைமையேற்றவர் கேவ்-பிரவுன்-கேவ். இப்பயணத்தின் நோக்கங்களுள் ஒன்று, நம் வெப்பமும் ஈரமும் உலோகப் படகுடலை என்ன செய்கின்றன என்று அறிவது. முந்தைய சவுத்தாம்டன்களின் உடல் மரத்தாலானது. மரம் நீரில் ஊறும். ஊறிய நீரின் எடை மட்டுமே ஏறக்குறைய 180 கிலோகிராம் வரை சென்றதாம்! மூன்று பயணிகள் வீணாகக் குந்தியிருப்பதைப் போல. உலோகத்துக்கு மாற்றியதும் அச்சுமை ஒழிந்தது. ஆஸ்திரேலியாவையும் ஹாங்காங்கையும் சுற்றிவந்த பிறகு அந்நான்கும் சிங்கப்பூரிலேயே தங்கின. 1929 ஜனவரியில் 205ஆம் படையணியாக அமைக்கப்பட்டன. தூரகிழக்கில் ஆங்கிலேய வான்படையின் முதல் அணி அதுவே. ரப்பர்த் தோட்டத்தையும் சதுப்பு நிலத்தையும் திருத்தி அமைத்த செலேத்தார் தளமே அவற்றின் இருப்பிடமாயிற்று.

சோதனை அங்கேயே நின்றுவிட்டதுதான் கேடு. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் தாக்கியபோது, செலேத்தாரில் கணை வீசுவதற்கு நின்றவை வில்டிபீஸ்ட் என்னும் இருதட்டுச் சிறகு வானூர்திகள். அவற்றின் முதல் மாதிரி பறந்தது 1928இல். 1942 ஜனவரி 26ஆம் நாள் ஜொகூரின் எண்டாவ் கரையில் இறங்கிய ஜப்பானியப் படையைத் தாக்க அவற்றைப் பட்டப்பகலில் அனுப்பினர். அன்று ஒரே பிற்பகலில் பத்து வில்டிபீஸ்டுகள் வீழ்ந்தன.

பாட்டனார் தம் வாழ்நாளில் முதன்முதலாக வானூர்தியை அண்மையில் பார்த்தது அந்த 1941 டிசம்பரில்தான். ஜப்பானிய வானூர்தி. பால்வாளியைப் போட்டுவிட்டு மரத்தடியில் குப்புறப் படுத்தாராம். அடுத்த ஆண்டுகளில் அவர் தம்பியைச் சயாம் இரயில் பாதைக்கு அழைத்துச் சென்றனர். அவர் திரும்பவில்லை.

ஊர்ப் பெருமை ஒன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. மலாயாவில் மின்னாற்றல் முதன்முதலாகப் பயன்பட்டது கோலாலம்பூரில் அன்று, நம் ரவாங்கில். 1894ஆம் ஆண்டில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் தேங்கிய நீரை இறைக்க மின்பொறியை இயக்கினர். அன்றும் எவரேனும் ஒருவர் வேலிக்கு வெளியே நின்று, "இது எப்படி வேலை செய்யும்?" என்று கேட்டிருப்பார். நான் அன்று பிறந்திருந்தால் அது நானாகவே இருந்திருக்கக்கூடும்!

அம்மாணவனை மறுநாள் அழைத்து, வகுப்பின்முன் அவன் செய்தது சரியென்றும் நான் சொன்னது தவறென்றும் கூறினேன். மதிப்பெண்ணையும் மாற்றினேன். அவனோ அதில் அவ்வளவாக ஆர்வம் காட்டவில்லை. "உண்மையான பிளேன் எங்கே இருக்கு டீச்சர்? போய்ப் பார்க்கலாமா?" என்பதே அவன் கேள்வி. இருநூற்றுக்கும் மேற்பட்டவற்றுள் இன்று எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. 1927இல் ஜொவாவ் ரிபெய்ரோ டெ பாரோஸ் என்னும் பிரேசில் நாட்டவர் அட்லாண்டிக்கைக் கடந்த 'ஜாவு'. அது பிரேசிலில் உள்ளது என்றேன். தேசப்படத்தில் பிரேசிலைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, "ரொம்பத் தூரம்" என்றான்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இப்போது ஒரு பட்டியல் தயாரித்து வருகிறோம். உங்கள் வீட்டில் முதன்முதலாக மலாயாவுக்கு வந்தவர் யார், எந்த ஆண்டு, எந்தத் துறைமுகத்தில் ஏறினார், எங்கே இறங்கினார், எந்தக் கப்பல் என்பவற்றைப் பிள்ளைகளிடம் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். பழைய பயணச்சீட்டோ கடிதமோ இருந்தால் படியெடுத்து அனுப்பினால் போதும். மூலத்தை அனுப்ப வேண்டா. இதுவரை முப்பத்தொரு பிள்ளைகளுள் ஒன்பது பேர் கொண்டுவந்துள்ளனர். அவற்றுள் ஆறில் கப்பலின் பெயர் 'ரஜூலா'.